ஏழாம் இடத்து நாகசுரம்

போன ஞாயிற்றுக்கிழமை மாடியில் ஒரே சத்தம். என் பேரனும் அவன் கூட்டாளிகள் மூன்று பேரும். நான்கு பேருக்கு இரண்டு மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கேட்கத்தான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறிப் போனேன். யாரோ விமர்சகர்கள் கூடி, உலகத்தின் தலைசிறந்த நூறு ஆல்பங்கள் என்று வரிசை போட்டுக் கைபேசியில் வெளியிட்டிருக்கிறார்களாம். பேரனுக்குப் பிடித்தது நாற்பத்தொன்றாம் இடத்தில் இருக்கிறது. அதற்குத்தான் அத்தனை ஆவேசம்.

நூற்றில் எத்தனையை முழுசாகக் கேட்டிருக்கிறீர்கள் என்று கேட்டேன். ஒருவன் ஒன்பது என்றான், ஒருவன் ஆறு என்றான், மூன்றாமவன் கூரையைப் பார்த்தான். என் பேரன், "எல்லாத்தையும் கேட்டுட்டுத்தான் சண்ட போடணுமா தாத்தா?" என்றான். ஒரு விசிறியை நிறுத்திவிட்டு இறங்கி வந்துவிட்டேன். வந்த பிறகு செய்தித்தாளில் மனம் நிற்கவில்லை. எங்கள் மாமா ஒரு காலத்தில் ஏழாம் இடத்துக்காகச் சண்டை போட்டவர்.

மாமா என்றால் அம்மாவின் அண்ணன். இராஜபாளையத்தில் ஒரு நூற்பு மில்லில், நூல் முறுக்கும் மெஷின்கள் வரிசையாக ஓடும் பெரிய கூடத்தில் வேலை. எங்கள் தெருவில் இருபத்திரண்டு வீடு, அதில் பதினெட்டு மில் வீடு. அந்தத் தெருவில் யாரும் மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. மெஷின் ஓடும்போது பேச்சு எடுபடாது என்பதால் அவர்கள் கையாலும் உதட்டாலும் பேசிப் பழகியவர்கள். டீ என்றால் ஒரு சைகை, மேஸ்திரி வருகிறார் என்றால் ஒரு சைகை. அந்தப் பழக்கத்தில் வீட்டிலும் கத்துவார்கள், பேசுகிறவர் வாயையே பார்ப்பார்கள். வெளியூர்க்காரர்கள் எங்கள் தெருவுக்கு வந்தால் ஏதோ தகராறு என்று நினைத்து நின்று பார்ப்பார்கள்.

மாமாவுக்குப் பிள்ளைகள் இல்லை. ரெக்கார்டுகள் இருந்தன. எல்லாம் எல்.பி. ரெக்கார்டு, மொத்தம் முப்பத்தொன்று. எனக்கு அப்போது பத்து வயது. போகும்போதெல்லாம் எண்ணுவேன். ரெக்கார்டு பிளேயரில் சத்தம் கூட்டும் திருகைச் சுற்றிப் பத்துக் கோடு இருக்கும். நான் முதன்முதலில் எண்ணத் தெரிந்து எண்ணியபோது மாமா அதை ஐந்தில் வைத்திருந்தார். இரண்டாம் வகுப்பில் ஏழு. ஐந்தாம் வகுப்பில் ஒன்பது. அதெல்லாம் எனக்கு வெறும் எண்கள்தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாமா வீட்டில் கூட்டம் கூடும். மில்காரர்கள், சைக்கிள் கடைக்காரர், பேண்டேஜ் துணி மடிக்கும் கம்பெனியில் வேலை பார்த்த இரண்டு பேர், பிறகு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறி வரும் என் சித்தப்பா. அப்பாவின் தம்பி. மடவார் வளாகத்தில் வீடு, ஒரு அலுவலகத்தில் எழுத்தர், சட்டை கசங்காத மனிதர். ரெக்கார்டு கேட்பார்கள், பிறகு எது உசத்தி என்று விவாதிப்பார்கள். கேட்கிற நேரத்தைவிட விவாதிக்கிற நேரம் எப்போதும் இரண்டு மடங்கு.

விவாதத்துக்கு ஒரு பலனும் இருந்தது. எங்கள் தெரு அம்மன் கோயிலில் பொங்கலுக்குக் காப்புக் கட்டியதும் குழாய் ஒலிபெருக்கியில் முதன்முதலாக எந்த ரெக்கார்டு ஒலிக்க வேண்டும் என்று அந்தக் கூட்டம்தான் முடிவு செய்யும். யாருடைய ரெக்கார்டு ஜெயிக்கிறதோ அவர் கையால் முள்ளை வைப்பார். ஆறு வருடமாக மாமாதான் முள் வைத்தார், ஒரு நாகசுரத் தட்டுக்கு. தெருவில் அவருக்கு இருந்த மரியாதை அது ஒன்றுதான். மில்லில் அவருக்குக் கீழே யாரும் கிடையாது.

அந்த வருடம் ஒரு வாரப் பத்திரிகையில் ஒரு விமர்சகர் தலைசிறந்த பத்து இசைத்தட்டுகள் என்று எழுதிவிட்டார். முதல் இடம் ஒரு புல்லாங்குழல் தட்டுக்கு. மாமாவின் நாகசுரம் ஏழாவது. சித்தப்பா அந்தப் பக்கத்தைக் கத்தரித்து, மடிப்பு விழாமல் ஒரு அட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்து, இந்த வருடம் குழாயில் புல்லாங்குழல்தான் முதலில் என்றார்.

மாமா அதை வாங்கி மேலிருந்து கீழே ஒரு தடவை படித்தார். "இவரு வீட்ல தொட்டில்ல பிள்ள தூங்கிருக்கும் மாப்ள. அதான் சத்தமில்லாத ரெக்கார்டாப் பாத்துப் போட்டிருக்காரு."

கூட்டம் சிரித்தது. சித்தப்பா சிரிக்கவில்லை. "சத்தம் பெருசா இருந்தா சங்கீதம் பெருசா ஆயிருமா மச்சான்? அப்ப ஒங்க மில்லு மெசினுக்குத்தான் மொத எடம் குடுக்கணும்."

அதற்கும் சிரித்தார்கள். சைக்கிள் கடைக்காரர் விமர்சகர் பக்கம் சாய்ந்தார். பத்திரிகையில் அச்சடித்து வருவது சும்மாவா என்பது அவர் வாதம். துணி மடிப்பவர்கள் மாமா பக்கம். நாகசுரத்தைக் கேட்டால் காலில் செருப்பு நிற்கிறதா, அதைச் சொல்லுங்கள் என்று ஒருவர் கேட்டார். அந்தப் புல்லாங்குழலைத்தான் நானும் நாலு தடவை போட்டுப் பார்த்தேனே, பாதி இடத்தில் ஒன்றுமே இல்லை, வெறும் தட்டு சுற்றுகிறது என்று மாமா சொன்னார். அது பெரிய அபாண்டம் என்று சித்தப்பா எழுந்து நின்றுவிட்டார். இப்படி மூன்று ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

நான்காவது ஞாயிறு சித்தப்பா ஒரு நிபந்தனையோடு வந்தார். மாமா உறையைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறார், தட்டைக் கேட்டு அல்ல என்றார். மாமா சுவரைப் பார்த்து உட்கார வேண்டும். எந்த ரெக்கார்டு முதலில் என்று மாமாவுக்குச் சொல்லாமல் சித்தப்பா போடுவார். திருகு ஐந்தாம் கோட்டில்தான் இருக்கும், இரண்டுக்கும் ஒரே அளவு. கேட்டு முடித்து மாமா நியாயமாகச் சொல்லட்டும், பிறகு எல்லாரும் கை தூக்கட்டும். முடியாது என்று சொன்னால் பயந்துவிட்டார் என்பார்கள். மாமா முக்காலியைச் சுவர்ப் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

முதலில் நாகசுரம். கொஞ்ச நேரம் மாமாவின் முதுகு அசையவில்லை. தவில் சேர்ந்ததும் வலது கை தொடையில் தாளம் போட ஆரம்பித்தது. எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். சித்தப்பா பாதியில் எடுத்துவிட்டு அடுத்ததைப் போட்டு முள்ளை வைத்தார்.

குழல் மெல்ல எழுந்தது. எங்கள் தெருக்காரர்கள் அவ்வளவு அமைதியாக இருந்து அன்றுதான் பார்த்தேன். ஒரு நிமிடம் போயிருக்கும். மாமா அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். லயித்துவிட்டார் என்று சித்தப்பா எனக்குச் சைகை காட்டினார். இன்னும் ஒரு நிமிடம். மாமா சுவரைப் பார்த்தபடியே சொன்னார்:

"என்ன மாப்ள, எம்புட்டு நேரம்? தட்டு சிக்கலியா? சட்டுனு போடுங்க."

அறையே குலுங்கிற்று. துணி மடிப்பவர் பாயில் உருண்டார். சைக்கிள் கடைக்காரர்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒத்த வார்த்தைல விமர்சகர முடிச்சுவிட்டாருய்யா" என்றார். குழல் அவர்கள் சிரிப்புக்கு அடியில் ஓடிக்கொண்டிருந்தது.

சிரிப்பு மட்டும் மாமாவுக்கு எட்டியிருக்கிறது. திரும்பினார். எங்கள் முகங்களைப் பார்த்தார். பிறகு பிளேயரைப் பார்த்தார். தட்டு சுற்றிக்கொண்டிருந்தது, முள் அதன் மேல் இருந்தது. அதையே கொஞ்சம் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு அவரும் சிரித்தார், மற்ற எல்லாரையும்விடப் பலமாக. "பின்ன? இதப் போட்டா என்ன, போடாட்டா என்ன?" என்றார். மறுபடி ஒரு சிரிப்பு.

அத்தை, மாமாவின் மனைவி, டீத் தம்ளர்கள் வைத்த தட்டோடு அடுக்களை வாசலில் நின்றிருந்தாள். அவள் சிரிக்கவில்லை. ஒருவருக்கும் டீ கொடுக்காமல் தட்டோடு உள்ளே திரும்பிப் போனாள்.

கைகளை எண்ணும் வேலை எனக்கு. மாமாவையும் சித்தப்பாவையும் சேர்க்காமல் பதினாறு பேர். நாகசுரத்துக்குப் பன்னிரண்டு, குழலுக்கு நான்கு. தவறு வரக்கூடாது என்று இரண்டு தடவை எண்ணினேன். சித்தப்பா சாப்பிடாமல் பஸ் ஏறிவிட்டார். மாமா ஜெயித்துவிட்டார் என்று நான் தெருக்கோடி வரை ஓடி வீடு வீடாகச் சொன்னேன்.

காப்புக் கட்டிய அன்று மாமா முள் வைக்க வரவில்லை. ஷிப்ட் மாற்றித் தரவில்லை என்று சொல்லி அனுப்பினார். கோயில்காரர்கள் என்னையே வைக்கச் சொன்னார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மாமா ஏன் வரவில்லை என்று யோசிக்க அதில் இடமும் இல்லை. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டமும் கூடவில்லை. அத்தைக்குத் தலைவலி என்றார்கள். பிளேயர் மேல் ஒரு துண்டு கிடந்தது.

மாமாவின் பதினாறாம் நாள் காரியத்தன்று, நான் வேலைக்குச் சேர்ந்து பல வருடம் ஆன பிறகு, அத்தை என்னிடம் சொன்னாள். அன்று அந்தக் குழல் அவர் காதில் விழவே இல்லையாம். மெஷின் சத்தம் வருடக்கணக்காகத் தின்றுகொண்டிருந்திருக்கிறது. எல்லாரும் கத்துகிற தெருவில், எல்லாரும் உதட்டைப் பார்த்துப் பேசுகிற தெருவில், ஒருவனுக்குக் காது போவது யாருக்குத் தெரியும்? அவருக்கே தெரியவில்லை. அந்த ரெக்கார்டில் ஒன்றும் இல்லை என்றுதான் அவர் உண்மையாகவே நம்பியிருக்கிறார். பத்திரிகைக்காரரைத் திட்டிய ஒவ்வொரு வார்த்தையும் மனதாரச் சொன்னதுதான். "அன்னைக்கு ராத்திரி எங்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாக," என்றாள் அத்தை. "'அது நல்லா இருந்துச்சா'ன்னு."

இதெல்லாம் பிறகு தெரிந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது, பள்ளிக்கூட லீவில் ஒரு காலை மாமா என்னைக் கூட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினார் என்பது மட்டும்தான். இரண்டு பைகளில் ரெக்கார்டுகள், மடியில் போர்வையில் சுற்றிய பிளேயர். மம்சாபுரம் பக்கம் இறங்க வேண்டிய ஒருவர் பையை மிதித்துவிடுவாரோ என்று மாமா காலை நீட்டி மறித்துக்கொண்டே வந்தார். ஜெயித்தவர் எதற்காகத் தோற்றவர் வீட்டுக்கு எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. சித்தப்பாவுக்கும் விளங்கவில்லை. வாசலில் எங்களைப் பார்த்ததும் சண்டை போட வந்திருக்கிறார் என்று நினைத்து முகத்தை இறுக்கிக்கொண்டார்.

மாமா பைகளைக் கூடத்தில் வைத்தார். "அந்தப் பத்திரிகைக்காரரு சரியாத்தான் எழுதிருக்காரு மாப்ள. குழல்தான் மொத எடம். நாந்தான் பெசகு. முப்பத்தொண்ணும் இருக்கு, எண்ணிக்கிடுங்க."

நான் எண்ணினேன். இருந்தது. சித்தப்பா குழல் தட்டை எடுத்துப் பிளேயரில் வைத்தார். திருகு அவர் வழக்கப்படி ஐந்தில். மாமா என்னைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டு என் காதருகே, ரகசியம் என்று நினைத்து, வீடு முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

"ஏலே, எங்க நல்லா இருக்கோ அங்க ஏந்தொடைல ஒரு தட்டுத் தட்டு."

குழல் தொடங்கியது. ஓரிடத்தில் அது மேலே போய் நின்று நடுங்கியது. தட்டினேன். மாமா மெல்லத் தலையாட்டினார். இன்னோரிடத்தில் தட்டினேன். அதற்கும் ஆட்டினார். தட்டைப் பார்க்கவில்லை, என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். சித்தப்பா எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். பிறகு எழுந்துபோய்த் திருகை ஐந்திலிருந்து பத்துக்குத் திருப்பினார். அவர் ஐந்துக்கு மேல் வைத்து நான் பார்த்ததே கிடையாது. வைத்துவிட்டு எங்களுக்கு முதுகு காட்டி ஜன்னல் பக்கம் நின்றவர், தட்டு முடிகிறவரை திரும்பவில்லை. இன்னும் கோபம் தீரவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

மொத்தம் பதினான்கு தடவை தட்டினேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் மாமாவிடம், எனக்கு எத்தனை மார்க் என்று கேட்டேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். சட்டையைப் பிடித்து இழுத்தேன். திரும்பி என் வாயைப் பார்த்தார். மறுபடி கேட்டேன்.

"நூத்துக்கு நூறுலே," என்றார்.

என் ரசனையைச் சோதிக்கத்தான் மாமா அவ்வளவு தூரம் கூட்டிப்போயிருக்கிறார், நான் தேறிவிட்டேன் என்று எனக்கு ஒரே சந்தோஷம். இராஜபாளையம் வருகிறவரை, காலியான பைகளை மடியில் வைத்துக்கொண்டு, அவர் தொடையில் சும்மாவே தட்டிக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு தட்டுக்கும் அவர் தலையாட்டிக்கொண்டே வந்தார்.