மூன்றாம் சரணத்தில் இல்லாத பெயர்

இதைச் சொன்னால் எங்கள் ஊரிலேயே பாதிப் பேர் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அன்று நான் ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை. தம்பியை வைத்து வண்டி ஓட்டிக்கொண்டு வீடு திரும்ப வேண்டியிருந்தது. கண்ணால் பார்த்ததை, காதால் கேட்டதைத்தான் எழுதுகிறேன்.

போன நவம்பர், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அயர்லாந்தின் மேற்குக் கரையில், பிரெஃப்னியின் மதுக்கடையில் வாராவாரம் மூன்று மணிக்குக் கூடி வாசிப்போம். மேடை கிடையாது, மைக் கிடையாது. மூலை மேசையைச் சுற்றி உட்கார்ந்தால் அதுதான் கச்சேரி. நான் சோரகா, ஃபிடில் வாசிப்பவள். பியாடர் புல்லாங்குழல். அன்று கணப்படுப்போரத்தில் என் தம்பி ஃபீக்ராவும் இருந்தான். மார்ச் மாதம் அவன் போன மீன்படகு கவிழ்ந்தது. கூடப் போன டோனலும் கஹலும் கடலோடு போய்விட்டார்கள். இவன் மட்டும் கரை ஒதுங்கினான். எட்டு மாதமாக வீட்டை விட்டு வெளியே வராதவனை அன்றுதான் கெஞ்சிக் கூத்தாடி அழைத்து வந்திருந்தேன். "ஆறு மணிக்குள்ள அவனை முழுசாக் கொண்டுவந்து சேர்த்துடு" என்றாள் அம்மா. சேர்க்கிறேன் என்று சத்தியம் செய்திருந்தேன்.

கூட்டத்திலிருந்து 'அதை வாசி, இதை வாசி' என்று கேட்பது எங்களுக்குப் புதிதல்ல. மஞ்சள் மழைக்கோட்டு போட்ட ஒரு சுற்றுலாக்காரர் ஏதோ சினிமாப் பாட்டைக் கேட்டார். பியாடர் முகம் மாறாமல், "அடடா, அதை வாசிக்கிற ஆளு இப்பத்தானே வெளிய போனாரு!" என்றான். பத்து வருடமாக அந்த ஆள் வெளியேதான் போயிருக்கிறார்.

ஆனால் ஒன்றை மட்டும் தட்டிக்கழிக்க முடியாது. யாராவது 'நான் ஒரு பாட்டுப் பாடுகிறேன்' என்றால், வாத்தியத்தை மடியில் வைத்துவிட்டுக் கேட்க வேண்டும். பாடி முடித்தவர், அடுத்து யார் பாட வேண்டும் என்று பெயர் சொல்வார். அதை அழைப்பு என்போம். அழைக்கப்பட்டவர் மறுக்கக் கூடாது. எங்கள் தாத்தா காலத்துக்கும் முந்தைய வழக்கம் அது.

மணி 4.10.

"நான் ஒண்ணு பாடலாமா?"

சன்னலோரத்தில் ஒரு பெண். அவள் உள்ளே வந்ததை நான் பார்க்கவில்லை. கோட்டு நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது... அன்று மழையே இல்லை. அடுப்போரத்தில் தூங்கிய பிரெஃப்னியின் நாய் எழுந்து, வாலை இடுக்கிக்கொண்டு கல்லாவுக்குப் பின்னால் போனது.

"தாராளமாப் பாடுங்க" என்றேன். இந்த வாயால்தான் சொன்னேன்.

பாடினாள். ஐரிஷ் மொழிப் பாட்டு. இருபது வருடமாக வாசிக்கிறேன், அந்த மெட்டை நான் கேட்டதே இல்லை. முதல் சரணம் ஒரு பெயரில் முடிந்தது. டோனல். தற்செயல் என்று நினைத்தேன். இரண்டாம் சரணமும் ஒரு பெயரில் முடிந்தது.

கஹல்.

பியாடரைப் பார்த்தேன். அவன் முகம் வெளுத்திருந்தது. மூன்றாம் சரணத்தின் முடிவில் அவள் பெயர் எதுவும் சொல்லவில்லை. ம்ம்ம்... என்று முனகி, அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டாள்.

மணி 4.21. யாரும் கைதட்டவில்லை.

"இப்ப என் அழைப்பு" என்றாள். "ஃபீக்ரா."

"அவன் பாடமாட்டான்" என்றேன். "உடம்பு சரியில்ல. நான் பாடறேன், போதுமா?"

அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஃபீக்ரா எழுந்தான்.

"உக்காருடா!"

"கூப்பிட்டுட்டாங்க அக்கா" என்றான். "மறுக்கக் கூடாதுல்ல."

எட்டு மாதமாகப் பாடாதவன் பாடினான். அவள் மெட்டு... அதே மூன்றாம் சரணம். பாடிக்கொண்டே வாசல் பக்கம் நடந்தான். கதவு தானாகத் திறந்தது. சாலைக்கு அந்தப் பக்கம் கடல். அலை ஏறிக்கொண்டிருந்த நேரம்.

அவன் சட்டையைப் பிடித்தேன். துணி ஈரமாக இருந்தது. உப்பு நாற்றம்.

"யாராவது பிடிங்க!" என்று கத்தினேன். ஒருவரும் அசையவில்லை. பியாடரின் கண்கள் மட்டும் என்னைப் பார்த்தன.

கடைசி வரி.

பெயர் வரவேண்டிய இடம்.

அவன் வாய் திறந்தது. ஃபீ...

அவன் வாயைப் பொத்தினேன். எனக்கு வேறு வழி தெரியவில்லை. அந்த வரியை நான் எடுத்துப் பாடினேன். பெயர் வரும் இடத்தில்...

சோரகா.

என் பெயரை வைத்தேன்.

டப்.

கதவு சாத்திக்கொண்டது. மணி 4.33. சன்னலோர நாற்காலி காலி. கீழே ஒரு திட்டுத் தண்ணீர். ஃபீக்ரா என் தோளில் சாய்ந்து குழந்தை மாதிரி அழுதான். நானும் அழுதேன். ஆறு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது அவனை அம்மாவிடம் சேர்த்துவிட்டேன்.

அன்றைக்குத்தான், வண்டியில் வரும்போது, எட்டு மாதமாகச் சொல்லாததை அவன் சொன்னான்.

"இன்ஜின் நின்னுபோச்சுக்கா. தூங்கிடக் கூடாதுன்னு மாத்தி மாத்திப் பாடினோம். டோனல் பாடிட்டு கஹலை அழைச்சான். கஹல் பாடிட்டு என்னை அழைச்சான். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அலை வந்துடுச்சு."

"டோனலை யாருடா அழைச்சது?"

வண்டியின் கண்ணாடியை மேலே ஏற்றினான்.

"ஒரு பொம்பளைக் குரல். தண்ணிப் பக்கத்துலேர்ந்து. பக்கத்துல வேற படகு இருக்குன்னு நினைச்சோம்..."

அன்று அந்தப் பாட்டை முடித்தவள் நான். வழக்கப்படி அடுத்த அழைப்பு என்னுடையது. இன்றுவரை நான் யாரையும் அழைக்கவில்லை. ஞாயிறுதோறும் வாசிக்கிறேன், யார் கேட்டாலும் பாடுவதில்லை. 4.33க்கு அந்தச் சன்னலோரத்தில் தரை ஈரமாகிறது. பிரெஃப்னி ஒன்றும் கேட்காமல் துடைத்துவிடுகிறாள்.

விழித்திருக்கும்போது என் வாய் என் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது.

ஆனால் தூக்கத்தில் நான் ஒரு பெயரைச் சொல்கிறேனாம். இந்த மாதத்தில் மூன்று முறை. அடுத்த அறையில் படுக்கும் ஃபீக்ரா கேட்டிருக்கிறான்.

யார் பெயர் என்று கேட்டேன். சொல்ல மாட்டேன் என்கிறான்.