மார்க்கிரட் மிஸியின் சைக்கிள் சீட்

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லயங்களின் வரிசை வீடுகளில் அந்தக் காலத்தில் பிறந்த பிள்ளைகளில் பாதிப்பேர் இந்த உலகத்தில் முதன்முதலாகக் கேட்ட சத்தம் மார்க்கிரட் மிஸியின் அதட்டலாகத்தான் இருக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து கல்யாணமாகி வந்து, இங்கே பிரசவம் பார்க்கப் படித்து மிஸியாகி, வெள்ளைச் சேலையும் தோல்பையுமாக வீடுவீடாகப் போய்க்கொண்டிருந்தவள். கணவர் வல்லிபுரம் ரயில்வே ஆபீசில் கணக்கெழுதுகிற கிராணி. பிள்ளைகள் இல்லை. அந்தக் குறையை யாராவது எடுத்துப் பேசினால், நான் தூக்காத பிள்ளை இந்த ஊரில் எது என்று திருப்பிக் கேட்பாள்.

அவளுடைய பெரிய சண்டையெல்லாம் நோயோடு இல்லை, வெட்கத்தோடு. நம் பெண்களுக்குக் கழுத்துக்குக் கீழே எங்கே வலித்தாலும் அது வயிற்று வலி. கொஞ்சம் துணிந்தவளாக இருந்தால் இடுப்பு வலி என்பாள். அதற்குக் கீழே ஒரு அங்குலம் இறங்கமாட்டாள். மிஸிக்கு இது பிடிக்காது. "எங்கை நோகுது எண்டு வாயைத் திறந்து சொல்லு பிள்ளை. நீ வயிறு எண்டு சொன்னா நான் வயித்துக்குத்தான் மருந்து தருவன்" என்பாள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று கூடவே ஒரு பழமொழி. லயத்துப் பெண்கள் அவளைக் கண்டால் பயந்தார்கள், ஆனால் வலி எடுத்தால் அவளைத்தான் தேடினார்கள்.

சைக்கிள் வந்தது அவளுடைய நாற்பதாவது வயதை ஒட்டி. பிரசவ விடுதியை மேற்பார்வை பார்க்கும் வெள்ளைக்கார லேடி டாக்டர், மிஸிமார் நடந்தும் ரிக்ஷாவுக்குக் காத்திருந்தும் நேரம் போவதைப் பார்த்து, ஒரே ஒரு பெண்கள் சைக்கிளை வாங்கி மார்க்கிரட்டிடம் கொடுத்தார். பொங்கல் கழிந்து வந்து பார்ப்பேன், ஓட்டுகிறாய் என்றால் உனக்கு, இல்லையென்றால் போர்ட் சுவெட்டன்ஹாமில் இருக்கிற மிஸிக்கு என்று பேச்சு.

அவளுக்கு அது வேண்டும். வேண்டும் என்றால் சாதாரணமாக இல்லை. போன மழைக்காலத்தில் ரிக்ஷா கிடைக்காமல் சேறும் சகதியுமாக நடந்து ஒரு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது, அங்கே பிள்ளை அழுதுகொண்டிருந்தது, தாய்க்கு மூச்சில்லை. அந்த வீட்டு வாசலை அவள் அதற்குப் பிறகு தலை நிமிர்ந்து தாண்டியதில்லை. அவள் மேல் பிழையில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். அவளுக்குத்தான் அது போதவில்லை.

ஆகவே ரயில்வே திடலில் வல்லிபுரம் பின்னால் பிடித்துக்கொண்டு ஓட, வேலியோரம் சிரித்த ஆண்களையும் வாயில் முந்தானையை வைத்துக்கொண்ட பெண்களையும் சட்டை செய்யாமல், விழுந்து எழும்பிப் பழகினாள். பழகியும் விட்டாள். முதன்முதலாகக் கணவர் பிடியை விட்டது தெரியாமல் தனியே திடலைச் சுற்றி வந்தபோது, சின்னப்பிள்ளை மாதிரி மணியை அடித்துக்கொண்டே வந்தாள். அன்றைக்கு அவளுக்கு இருந்த சந்தோஷத்துக்கு அளவில்லை.

சந்தோஷம் கொஞ்சநாள்தான். தெருவில் தூரமாக ஓட்டத் தொடங்கியதும் சீட் தன் குணத்தைக் காட்டியது. வீட்டுக்கு வந்தால் உட்கார முடியவில்லை. நின்றுகொண்டே சாப்பிட்டாள். கோயிலில் பாதிரியார் பிரசங்கத்தை நீட்டிய ஞாயிற்றுக்கிழமை அவள் பட்ட பாட்டைக் கர்த்தர் ஒருவரே அறிவார்.

சைக்கிள் கடை ரெங்கசாமி பாலத்தடியில் பழுதுபார்க்கிற ஆள். கை சுத்தம், பேச்சு குறைவு. மிஸி அவனிடம் போய், சீட் கல்லு மாதிரிக் கிடக்கிறது என்றாள். அவன் இலவம்பஞ்சை அடைத்து உறை தைத்துப் போட்டான். பஞ்சு ஆளை உள்ளே இழுத்துக்கொண்டு இன்னும் இரண்டு பக்கமும் தேய்த்தது. அடுத்த தடவை, இடுப்பு நோகுது என்றாள். இடுப்பென்றால் உயரம்தான் காரணம் என்று அவன் சீட்டை நன்றாக இறக்கினான். இப்போது முழங்கால் இரண்டும் கைப்பிடியில் முட்டின. மறுபடி போய், முதுகு என்றாள். நிமிர்ந்து உட்காரட்டும் என்று நினைத்து, சீட்டின் முன்பக்கத்தைத் தூக்கி மேலே பார்க்க வைத்து முடுக்கிக் கொடுத்தான். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, அதுதான். அன்று பத்து மிதி மிதிப்பதற்குள் அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

ரெங்கசாமியைக் குற்றம் சொல்ல முடியாது. அவள் சொன்ன இடத்துக்கெல்லாம் அவன் சரியாகத்தான் வைத்தியம் பார்த்தான். அவள்தான் சரியான இடத்தைச் சொல்லவில்லை. ஊரார் பெண்களையெல்லாம் வாயைத் திற, வாயைத் திற என்று அதட்டுகிறவள், தனக்கென்று வந்ததும் இடுப்பு, முதுகு என்று ஊரைச் சுற்றினாள். ஊருக்குத்தான் உபதேசம். வீட்டிலும் அதே கதை. வல்லிபுரம் கேட்கவில்லை, அவள் சொல்லவில்லை. அவர் பாட்டுக்கு நல்லெண்ணெயைச் சூடாக்கிக்கொண்டு வந்து அவள் காலைத் தேய்த்துவிட்டார். நல்ல மனுஷன், காலில் ஒன்றுமில்லை என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

பொங்கலும் கழிந்தது. டாக்டர் வருகிற வாரத்தில் மிஸி சைக்கிளை ஓட்டவில்லை, பக்கத்தில் பிடித்துத் தள்ளிக்கொண்டு நடந்தாள். கேட்டவர்களிடம் காற்றுப் போய்விட்டது என்றாள். போர்ட் சுவெட்டன்ஹாம் மிஸி இளம்பெண், கெட்டிக்காரி, அவளே வைத்துக்கொள்ளட்டும் என்று மனதுக்குள் விட்டுக்கொடுக்கவும் தொடங்கிவிட்டாள்.

அப்படித் தள்ளிக்கொண்டுதான் லெட்சுமி வீட்டுக்குப் போனாள். பட்டறைத் தொழிலாளி ஒருவனின் மனைவி, முதல் பிள்ளை, பெற்று ஒரு வாரம். முகம் வெளுத்துக் கிடந்தது. என்ன என்றால் வயிற்று வலி என்றாள். மிஸிக்குக் கோபம் வந்துவிட்டது. வழக்கமான அதட்டலெல்லாம் நடந்தது. கடைசியில் லெட்சுமி அழுதுகொண்டே சொன்னாள், தையல் போட்ட இடம் வீங்கியிருந்தது. இன்னும் இரண்டு நாள் வயிறு, வயிறு என்று இருந்திருந்தால் காய்ச்சல் கண்டிருக்கும். மிஸி கழுவி, மருந்து போட்டு, பழைய சேலையைச் சும்மாடு மாதிரி வளையமாகச் சுற்றி அதன் மேல் அவளை உட்கார வைத்தாள்.

லெட்சுமிக்கு வலி தணிந்ததும் கண் தெளிந்தது. பார்த்தாள். மிஸி வந்ததிலிருந்து உட்காரவேயில்லை. முக்காலியை இழுத்துப் போட்டால், வேண்டாம் என்கிறாள். வாசலில் சைக்கிள் நிற்கிறது. பெற்ற பெண்ணுக்குப் புரியாததா.

"மிஸி, உங்களுக்கு எங்க வலிக்குது?" என்று கேட்டாள்.

மிஸி இடுப்பு என்று சொல்ல வாயெடுத்தாள். லெட்சுமி சும்மாட்டின் மேல் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மிஸிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உனக்கு வலிச்ச இடத்திலதான் பிள்ளை" என்றாள். பிறகு இரண்டு பேரும் பிள்ளை விழித்துக்கொள்ளும் வரைக்கும் சிரித்தார்கள்.

அங்கிருந்து நேரே பாலத்தடிக்குத்தான் போனாள். ரெங்கசாமி ஒரு சக்கரத்தைத் தண்ணீர்த் தொட்டிக்கு மேல் பிடித்துக்கொண்டிருந்தான். மிஸி சுற்றிலும் ஆள் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்தாள், அதோடு வெட்கத்தை விட்டாள்.

"தம்பி, இடுப்புமில்லை, முதுகுமில்லை. சீட்டிண்டை முனை தொடை இடுக்கில குத்துது. எனக்குக் குந்த ஏலாமல் கிடக்கு."

அவன் சிரிக்கவில்லை. அவள் முகத்தையும் பார்க்கவில்லை. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு சைக்கிளிடம் போனான். தான் தைத்த பஞ்சுறையைத் தானே கிழித்து எறிந்தான். சீட்டை உயர்த்தினான், அதன் முனையைச் சற்றே கீழே பார்க்க இறக்கி முடுக்கினான். பின்பக்கமாகத் தள்ளி உட்காருங்க, எலும்பு ரெண்டும் அகலமான இடத்துல படணும் என்று மட்டும் சொன்னான். வெற்றிலை போடுகிற நேரம்கூட ஆகவில்லை. மிஸி ஏறி, பாலத்தைத் தாண்டி, திரும்பி வந்தாள். சீட் அதே தோல் சீட்தான், கெட்டிதான். ஆனால் வலி இல்லை.

டாக்டர் வந்த அன்று அவள் விடுதி முன்னால் ஒன்றுக்கு மூன்று சுற்றாக ஓட்டிக் காட்டினாள். சைக்கிள் அவளுக்கே என்றாகிவிட்டது. சாயங்காலம் நன்றி சொல்வதற்கென்று ரெங்கசாமியிடம் நிறுத்தினாள். அவன் கையைத் துணியில் துடைத்தான், மறுபடியும் துடைத்தான், போகிறேன் என்று அவள் சொல்லும் வரைக்கும் துடைத்துக்கொண்டே நின்றான்.

"மிஸி, வீட்டுல அவ ரொம்ப நாளா இடுப்பு வலின்னே சொல்லிக்கிட்டிருக்கா. நானும் தைலம் வாங்கிக் குடுத்துக்கிட்டிருக்கேன். அன்னைக்கு நீங்க வந்து சொன்னதுக்கு அப்புறந்தான் எனக்கு யோசனையா இருக்கு. அது இடுப்பு இல்லியோன்னு."

வீடு எங்கே என்று கேட்டாள். செந்தூல் என்றான். நீ கடையைக் கட்டிவிட்டுப் பின்னால் வா என்று சொல்லி, மிஸி சேலைக் கரையை ஒதுக்கிக்கொண்டு ஏறி மிதித்தாள். வெயில் தணிந்து காற்று நன்றாக இருந்தது. அவ்வளவு தூரத்தை அவள் அதற்கு முன் ஒரே மூச்சில் ஓட்டியதில்லை.

ரெங்கசாமியின் மனைவி தங்கமணி வாசலுக்கு வந்து, மிஸியைக் கண்டு பயந்து, ஒன்றுமில்லை மிஸி, இடுப்புத்தான் என்றாள். மிஸி அதட்டவில்லை. உள்ளே போய்ப் பாயில் நன்றாகச் சப்பணமிட்டு உட்கார்ந்து, அவளையும் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்து, சைக்கிள் சீட் கதையை முதலிலிருந்து சொன்னாள். பஞ்சு, முழங்கால், பிரசங்கம், நல்லெண்ணெய், ஒன்றையும் விடவில்லை. தங்கமணி முதலில் தலையைக் குனிந்தாள், பிறகு சிரித்தாள், சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுதாள். அழுது முடித்து, எங்கே என்று சொன்னாள்.