பத்தரை மணிக்கு ஓர் இருட்டு

போன டிசம்பரில் ஒரு நாள், காலை பத்தரை மணிக்கு எங்கள் வீட்டுக்கு இருட்டு தேவைப்பட்டது. திருத்தங்கலில் அந்த நேரத்தில் இருட்டுக்கு எங்கே போவது? மழைக்காலமாக இருந்தாலும் ஒன்பது மணிக்கே வெயில் ஜன்னல் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்துவிடும். எப்படியோ இருட்டை உண்டாக்கினோம். அதற்குள் என்ன பார்த்தேன் என்பதை எழுதத்தான் இந்த நோட்டை எடுத்தேன்.

என் மகன் ஸ்வீடனில் வேலை பார்க்கிறான். அந்த ஊர்ப் பெண்ணையே கட்டிக்கொண்டான். இரண்டு பேரும் ஒரு மாதம் எங்களோடு இருக்க வந்திருந்தார்கள். நான் தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் ஃபோர்மேன். தீபாவளி சீசன் முடிந்து கம்பெனி இன்னும் திறக்கவில்லை. அதனால் நாள் முழுக்க வீட்டில்தான் இருந்தேன். எனக்குச் சொந்தக்காரர்களிடமே பேச்சு வராது. பத்தாவதோடு நின்றவன், இங்கிலீஷும் கிடையாது. மருமகளுக்கோ என் மனைவி கற்றுக்கொடுத்த ஒரே ஒரு வாக்கியம்தான் தெரியும். எதிரில் பார்க்கும்போதெல்லாம், "மாமா, சாப்பிட்டீகளா?" என்பாள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதும் அதையே கேட்பாள். நான் தலையாட்டுவேன். மூன்று வாரம் இப்படியே போனது.

அவள் தன் ஊர் வழக்கங்களை ஒவ்வொன்றாக எங்களுக்குக் காட்டினாள். மதியம் மூன்று மணிக்குக் காபி. அதற்கு அவர்கள் 'ஃபீக்கா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வெறும் காபி குடிப்பதல்ல அது; எல்லாரும் கை வேலையை விட்டுவிட்டு ஒன்றாக உட்கார வேண்டும். கல்யாணம் ஆன நாளிலிருந்து அடுப்படியில் நின்றுகொண்டே காபி குடித்த என் மனைவியைக் கையைப் பிடித்து இழுத்து வந்து உட்காரவைத்தாள். முதல் நாள் மனைவிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. விருந்தாளி மாதிரி நாற்காலி நுனியில் இருந்தாள்.

அங்கே தட்டில் கடைசியாக இருக்கும் பலகாரத்தை யாரும் முழுசாக எடுக்கமாட்டார்களாம். ஒருத்தர் பாதி எடுப்பார், அடுத்தவர் அந்தப் பாதியில் பாதி. என் அக்கா அடுத்த தெருவில் இருக்கிறாள். நான் வேலை பார்க்கும் கம்பெனியிலேயே இருபது வருஷம் வெடிக்குத் திரி வைத்தவள். ஒரு நாள் அவள் வந்தபோது தட்டில் கடைசி அதிரசம் சுண்டுவிரல் நகம் அளவுக்கு வந்திருந்தது. மருமகள் கத்தியை எடுத்து அதையும் இரண்டாக வெட்டினாள்.

"ஏ தாயி, எறும்புக்கா பந்தி வைக்க?" என்று அக்கா எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

அன்று மாலைதான் மருமகள் பெட்டியிலிருந்து ஒரு துணிப் பொட்டலத்தை எடுத்து வந்து மேசைமேல் பிரித்தாள். பித்தளையில் ஒரு கிரீடம். சுற்றிலும் மெழுகுவர்த்தி செருக ஏழு குழிகள்.

மகன் விளக்கினான். அவர்கள் ஊரில் டிசம்பரில் சூரியன் ஒன்பது மணிக்கு மேல்தான் எட்டிப் பார்க்கும். மதியம் இரண்டு மணிக்குள் போய்விடும். அந்த இருட்டுக்கு நடுவில், டிசம்பர் பதின்மூன்றாம் தேதி விடியுமுன், ஒரு பெண் வெள்ளை உடுத்தி, தலையில் எரியும் மெழுகுவர்த்திகளோடு பாடிக்கொண்டு வருவாள். லூசியா நாள் என்று பெயர். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ஆபீஸ், வீடு எல்லா இடத்திலும் உண்டு.

"நான் போன மொத வருஷம் ஒண்ணுமே தெரியாதுப்பா. ஆபீசுல புதுசா வந்தவங்களுக்குன்னு கூப்பிட்டாக. நாப்பது பேரு இருட்டுல உக்காந்திருந்தோம். கதவு தொறந்துச்சு. மூச்சு விடுற சத்தங்கூட இல்ல" என்றான்.

மருமகள் வீட்டில் அவளுடைய அம்மாதான் அந்தக் கிரீடத்தை வைத்துக்கொள்வாராம். காலை ஆறு மணிக்குப் பாடிக்கொண்டே போய்ப் படுக்கையில் இருக்கும் கணவருக்குக் காபியும் குங்குமப்பூ ரொட்டியும் கொடுப்பார். அந்த அம்மா இந்த வருஷம் இறந்துபோனார். அப்பா மரக்கட்டை ஏற்றும் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர், இப்போது தனியாக இருக்கிறார். அவருக்கு லூசியா வராத முதல் டிசம்பர் இது. அதனால் மகள் இங்கே கிரீடம் வைத்துப் பாட வேண்டும், அவர் போனில் பார்க்க வேண்டும். அவருக்குக் காலை ஆறு மணி என்றால் நமக்குப் பத்தரை.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"தலையில தீயா? வேணாம்" என்றேன்.

இருபத்தெட்டு வருஷமாக என் வேலையே அதுதான். கேட்டில் நின்று தீப்பெட்டி, போன், நைலான் சேலை எல்லாம் பார்த்துத் திருப்பி அனுப்புவது. கொண்டை ஊசியோடு வந்தவர்களையும் அனுப்பியிருக்கிறேன். கூந்தலும் தீயும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று ஒரு தடவை கண்ணால் பார்த்தவன். அதை இங்கே எழுதமாட்டேன்.

மருமகள் முகம் சுளிக்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள். மகனும் பின்னால் போனான்.

"மூணு வாரத்துல அந்தப் புள்ளகிட்ட நீங்க வாயைத் தொறந்து சொன்ன மொத வார்த்த 'வேணாம்'. நல்லா இருக்குங்க" என்றாள் மனைவி.

கிரீடம் மேசைமேலேயே இருந்தது. எல்லாரும் போன பிறகு அதை எடுத்துப் பார்த்தேன். நல்ல கனம். அடிப்பக்கம் துணி சுற்றித் தைத்திருந்தார்கள். ஒரு குழியில் பழைய மெழுகு உறைந்திருந்தது. அந்த மெழுகுக்குள் ஒரு முடி மாட்டியிருந்தது. நீளமான, வெளுத்த முடி. மருமகளின் முடி செம்பட்டை. இது அவளுடையது இல்லை. மெழுகைச் சுரண்டாமல் அப்படியே கீழே வைத்தேன்.

மறுநாள் காலை மகனைக் கூப்பிட்டேன். "செய்யட்டும். ஆனா நான் சொல்றபடி செய்யணும். பருத்தி மட்டும் உடுத்தணும். தலையில துண்ட நனைச்சு நாலா மடிச்சுப் போட்டு அதுக்கு மேல கிரீடம். ஃபேன் ஓடக் கூடாது. ரெண்டு வாளி தண்ணி, ஒரு வாளி மணல்."

அவன் சொல்லச் சொல்ல மருமகள் ஒரு காகிதத்தில் ஒன்று, இரண்டு என்று எண் போட்டு எழுதிக்கொண்டாள். ஈரத்துண்டு என்று வந்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்து வேகமாக என்னவோ சொன்னாள். அவள் அம்மாவும் அப்படித்தான் போடுவாராம்.

இடுப்பில் கட்டும் சிவப்பு நாடா நைலான். ஒரு இழையைப் பிரித்துக் கொளுத்தினேன். சுருண்டு உருகியது. காட்டினேன். அதைத் தூக்கி வைத்துவிட்டு என் மனைவியின் பழைய சிவப்புச் சுங்குடிச் சேலையில் ஒரு முழம் கிழித்தோம். குங்குமப்பூ ரொட்டி சுடுவதற்கு எங்கள் தெரு பேக்கரியில் கேட்டோம். மருமகள் வளைத்து வளைத்து வைத்திருந்த மாவைப் பார்த்து பேக்கரிக்காரர், "என்ன அண்ணாச்சி, பாம்பு பிடிச்சுக் கொண்டாந்திருக்கீக?" என்றார். ஆனால் பக்குவமாகச் சுட்டுக் கொடுத்தார்.

இருட்டுக்கு அச்சாபீசிலிருந்து வீணான காலண்டர் தாள்களை வாங்கி வந்தோம். ஜன்னல் முழுக்க ஒட்டினால், பின்னாலிருந்து வெயில் அடித்து மூன்று லட்சுமியும் இரண்டு பிள்ளையாரும் தகதகவென்று நின்றார்கள். அதன்மேல் இன்னொரு அடுக்கு ஒட்டி, ஜமுக்காளம் தொங்கவிட்டு, கதவிடுக்கில் துணி திணித்தோம். கை நீட்டினால் கை தெரியவில்லை. வெளியே ரோட்டில் பஸ் ஹாரன் கேட்டது. உள்ளே ராத்திரி.

அக்காவை வாளியோடு சுவரோரமாக நிறுத்தினேன். "தீப் பிடிச்சா மட்டும் ஊத்துக்கா."

"ஏலே, எனக்கா சொல்லித் தார?" என்றாள்.

உள் அறையில் மருமகள் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். நானே துண்டை வைத்து, கிரீடத்தை வைத்து, அசைத்துப் பார்த்துவிட்டு ஏழையும் கொளுத்தினேன். 

அவள் பாடிக்கொண்டே கூடத்துக்குள் வந்தாள்.

எனக்கு இதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. நான் தெரிந்துவைத்திருக்கும் தீ நிற்காது. சீறும், வெடிக்கும், மேலே போய் விரியும், முடியும். பார்ப்பவர்கள் சத்தம் போடுவார்கள். இந்தத் தீக்கு அவசரமே இல்லை. அவள் ஒரு அடி வைத்தால் ஏழு சுடரும் ஒரு அடி வந்தன. நாற்காலி, மேசை, மனைவியின் முகம் என்று ஒவ்வொன்றாக இருட்டிலிருந்து எழுந்து, அவள் தாண்டியதும் மறுபடி உள்ளே போயின. நான் கட்டிய வீடுதான். அதுவரை நான் பார்க்காத வீடாக இருந்தது. மூச்சை எங்கே விடுவது என்று தெரியாமல் நின்றேன்.

மகன் போனைத் தூக்கிப் பிடித்திருந்தான். அதில் நரைத்த தாடியோடு ஒருவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். படுக்கைதான், ஆனால் இஸ்திரி போட்ட சட்டையைக் கழுத்துப் பட்டன் வரைக்கும் போட்டுக்கொண்டு காத்திருந்தார்.

அந்த நேரம் பார்த்து, காபித் தட்டை எடுத்து வருவதற்காக மனைவி அடுப்படிக் கதவைத் திறந்தாள். காற்று வந்தது. ஒரு சுடர் சாய்ந்து நீண்டது. அவ்வளவுதான். அக்காவின் கை இருபது வருஷப் பழக்கத்தில் தானாக எழுந்தது. முழு வாளித் தண்ணீரும் மருமகள் தலையில் விழுந்தது.

ஏழும் அணைந்தன. இருட்டில் வாளி உருளும் சத்தம்.

"அய்யோ தாயி! சாஞ்சுச்சு, ஊத்திட்டேன்!" என்று அக்கா அலறினாள்.

யாரோ லைட்டைப் போட்டார்கள். மருமகள் தாடையிலிருந்து தண்ணீர் சொட்ட நின்றாள். போனில் அவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனுஷருக்கு வருஷத்துக்கு ஒரே ஒரு காலை வேளை. வாளியை வைக்கச் சொன்னவன் நான். பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

பிறகு போனிலிருந்து இருமல் மாதிரி ஒன்று வந்தது. அவர் சிரித்துக்கொண்டிருந்தார். நிறுத்த முடியாமல் சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு எதையோ சொன்னார். மகன் தமிழில் சொன்னான்: "கல்யாணம் ஆன புதுசுல அவுக வீட்டுலயும் கிரீடம் சாஞ்சு முடியில தீ பிடிச்சுருச்சாம். இவரு கையில இருந்த காபிய அப்படியே என் மாமியார் தலையில ஊத்திட்டாராம். கிறிஸ்துமஸ் வரைக்கும் அவுக பேசலயாம். யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வேற வாங்கிட்டாகளாம். உங்கக்காகிட்ட சொல்லுங்க, தண்ணி பரவாயில்லங்காரு."

அக்கா கண்ணைத் துடைத்தாள். "காபியவா? சூடாவா?"

மகன் கேட்டுச் சொன்னான். "ஆறுன காபியாம்."

"அப்பச் சரி" என்றாள் அக்கா.

அந்தக் கதை மருமகளுக்கே அன்றுதான் தெரியும். ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பிரிக்க முடியவில்லை. என் மனைவியும் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் அவள் தலையைத் துவட்டினாள்.

இன்னொரு தடவை பாட முடியுமா என்று அவர் கேட்டார். அவசரம் இல்லையாம், அங்கே இன்னும் மூன்று மணி நேரத்துக்கு இருட்டு இருக்கிறதாம்.

நனைந்த திரி பிடிக்காது, பிடித்தாலும் தெறிக்கும். பிளேடால் ஒவ்வொரு மெழுகுவர்த்தியின் தலையையும் சீவி, உள்ளே இருந்த காய்ந்த திரியை வெளியே எடுத்தேன். அதற்குள் மருமகள் மனைவியின் சந்தன நிறக் கைத்தறிச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். சுங்குடித் துண்டு மட்டும் ஈரமாகவே இடுப்பில் இருந்தது. மறுபடி துண்டு, மறுபடி கிரீடம். இரண்டாவது வாளியை அக்காவிடமிருந்து வாங்கி என் காலடியில் வைத்தேன். அவள் அப்போதும் அதன் கைப்பிடியை விடவில்லை.

இந்தத் தடவை பாட்டு முடியும்வரை அந்த மனுஷர் அசையவில்லை. சுடர்களை மட்டும் பார்த்தார். கடைசி வரியில் அவர் உதடும் சேர்ந்து அசைந்தது.

மருமகள் கிரீடத்தைக் கழற்றி எரிய எரிய மேசைமேல் வைத்தாள். காபியும் ரொட்டியும் கொண்டு வந்தாள். ஆனால் போனுக்குள் எப்படிக் கொடுப்பது? தட்டோடு ஒரு நிமிஷம் நின்றாள். அவர் எழுந்து போய் தானே ஒரு கோப்பைக் காபி எடுத்து வந்து உட்கார்ந்தார். அவள் போனைக் கிரீடத்துக்கு எதிரே ஒரு சொம்பில் சாய்த்து வைத்து, தட்டை என் முன்னால் வைத்தாள். என் தோளை லேசாகத் தொட்டுவிட்டு, ஈரத் தலையைக் காயவைக்க உள்ளே போனாள். மகனும் கூடப் போனான். மனைவியும் அக்காவும் தரை துடைக்கத் துணி தேடிப் போனார்கள்.

நானும் அவரும்தான் இருந்தோம். வேறு நாளாக இருந்தால் நானும் எழுந்து போயிருப்பேன். அவர் கோப்பையை உயர்த்தினார். நான் டம்ளரை உயர்த்தினேன். குடித்தோம். ரொட்டியைப் பிட்டுத் தின்றோம். ஒருத்தர் மொழி ஒருத்தருக்குத் தெரியாது. அவரும் எதுவும் சொல்லிப் பார்க்கவில்லை, நானும் சொல்லிப் பார்க்கவில்லை. இரண்டு பேரும் அந்த ஏழு சுடரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவை ஒவ்வொன்றாகக் குழிக்குள் இறங்கின. கடைசித் திரி அணைந்த பிறகுதான் அவர் கையை உயர்த்தினார். நானும் உயர்த்தினேன்.