செவ்வாயிலிருந்து வந்த குரல்

இந்த நினைவு மலரின் முதல் பக்கத்தில் எங்கள் அக்காவை ‘அமைதியின் திருவுருவம்’ என்று எழுதியிருப்பவர் பெரியத்தான், அதாவது அத்தானின் அண்ணன். வாயைப் பொத்திவிட்டு அமைதியைப் புகழ்வதற்கும் ஒரு துணிச்சல் வேண்டும். உடன்பிறந்தவள் நான் உயிரோடு இருக்கும்போது அந்தப் பொய் மட்டும் தனியாக அச்சேறக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

அக்கா மஸ்கெலியாவுக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டமொன்றின் லயக் குடியிருப்பில் மூத்த மகளாகப் பிறந்தார். அம்மா இளவயதிலேயே காலமாகிவிட, கொழுந்துக் கூடை சுமந்து என்னைப் படிக்க வைத்தவர் அவர்தான். இரவல் வாங்கிய சஞ்சிகைகளில் விண்வெளிக் கதைகளாகத் தேடி வாசிப்பார். பிறகு தாமே எழுதத் தொடங்கினார். சின்னச் சின்னக் கதைகள். ஒன்றில், செவ்வாய்க் கிரகத்திலிருந்து இறங்கிய ஒருத்தி காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்துக்கு வந்து வேலைக்கு வரிசையில் நிற்பாள். அவளுடைய மூன்று கண்களைப் பார்த்து, வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு பயப்பட மாட்டார். “ஒனக்குப் பேர் பதிஞ்சிருக்கா?” என்றுதான் கேட்பார்.

கினிகத்தேனையில் பலசரக்குக் கடை வைத்திருந்த குடும்பத்தில் அக்கா வாழ்க்கைப்பட்டார். வானொலிக்கு நாடகம் தயாரித்து அனுப்பும் குழுவொன்று அப்போது அட்டனில் செவ்வாய்க்கிழமைதோறும் கூடும். அக்காவின் அந்தக் கதையை நாடகமாக்க எடுத்துக்கொண்டார்கள். நடிக்கவும் விருப்பம் என்று அக்கா சொன்னபோது, குழுவை நடத்திய யாழ்ப்பாணத்து ஆசிரியர், “உம்மட பேச்சு தோட்டத்துப் பேச்சு பிள்ளை, டொக்டர் பாத்திரத்துக்குச் சரிவராது. செவ்வாய்க்காரிக்கெண்டால் பரவாயில்லை” என்றாராம். அவமானம்தான். அக்கா அதையே வாய்ப்பாக எடுத்துக்கொண்டார்.

நிறைகுடம் தளும்பாது என்பார்கள். அக்காவுக்கு வேண்டியிருந்தது வெறுங்குடம். அதற்குள் வாயை வைத்துப் பேசினால் வேற்றுலகக் குரல் வரும் என்று கண்டுபிடித்து, பருப்பு வேகும் நேரமெல்லாம் அடுப்படியில் ஒத்திகை பார்த்தார். ஒருநாள் பெரியத்தான் அதைக் கேட்டுவிட்டார். என்ன ஏது என்று விசாரிக்கவில்லை. “கொடத்துக்குள்ள பேய் பேசுது, தம்பி பொண்டாட்டியப் புடிச்சிருச்சு!” என்று தெருவையே கூட்டி, வலப்பனையிலிருந்து கோடாங்கியை அழைத்து வந்தார்.

அன்று நானும் அங்கிருந்தேன். கோடாங்கி உடுக்கை அடித்து, வேப்பிலையால் அக்காவின் முகத்தில் அறைந்து, “யாரு நீ? எங்கேயிருந்து வந்த? சொல்லு!” என்றார். அக்காவுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. நாடகக் குரலிலேயே, “செவ்வாயிலிருந்து வந்திருக்கேன்!” என்றார்.

“பாத்தீங்களா, செவ்வாக்கெழமையில இருந்து புடிச்சிருக்கு. இனிமே செவ்வாக்கெழமை வாசப்படி தாண்ட விட்றாதீங்க” என்றார் கோடாங்கி.

அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பையும் பேயின் கணக்கில்தான் சேர்த்தார்கள். அதன்பிறகு செவ்வாய்தோறும் பெரியத்தான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். அட்டன் பஸ் கடைக்கு முன்னால் நின்று நின்று போனது. அத்தான் நல்லவர் என்பார்கள். அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசாத நல்லவர்.

நாடகம் வேறொருவர் குரலில் ஒலிபரப்பானது. கடை வானொலியில் அதைக் கேட்டபடியே அக்கா சீனி நிறுத்துக் கொடுத்தார். அதற்குப் பின் ஒரு கதையும் எழுதவில்லை.

கடைசி நாட்களில் மூச்சு வாங்கப் படுத்திருந்தபோது, “எங்கொரல் எப்படி இருந்துச்சுன்னு ஒனக்காவது ஞாபகம் இருக்காடி?” என்று கேட்டார். “இருக்குக்கா” என்றேன். அந்தக் குரலைக் கேட்ட குடும்பத்தாரில் இன்று உயிரோடிருப்பது நானும் பெரியத்தானும்தான். எனக்கு ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

அக்காவைக் குளிப்பாட்டிக் கஞ்சி பருக்கிய பக்கத்து வீட்டுச் சிங்கள நோனாவுக்கும், நேரங்காலம் பாராமல் வைத்தியசாலைக்கு ஆட்டோ ஓட்டிய பிள்ளைகளுக்கும், பந்தல் போட்டுப் பாடை தூக்கிய தோட்டத்து உறவுகளுக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி.

ஆண்டுத் திதி செவ்வாய்க்கிழமையில் வருகிறது என்றதும் பெரியத்தான் தொலைபேசியில், “செவ்வாக்கெழமை ஆகாதும்மா, புதனுக்கு மாத்திரு” என்றார். மாற்றவில்லை. இம்மலர் உங்கள் கைக்கு வரும் இன்று செவ்வாய்க்கிழமை. வாசற்படி தாண்டி வந்த அனைவருக்கும் நன்றி. பெரியத்தான் விரும்பினால் வீட்டிலேயே இருக்கலாம். எங்கள் அக்கா இருந்தாரே.