இரண்டு உறைகளும் ஒரு டம்ளர் பாலும்

பத்திரிகை ஆபீசில் புரூஃப் திருத்துகிறவளின் வேலை, மற்றவர்கள் ஒரு தடவை படிப்பதை மூன்று தடவை படித்துவிட்டு, என்ன படித்தோம் என்று தெரியாமல் வீட்டுக்குப் போவது. காசு கொடுத்து வாங்கிப் படித்துவிட்டு அதே நிலையில் இருக்கும் நீங்களும் என் கூட்டாளிகள்தான் என்பதால் இதையெல்லாம் சொல்கிறேன்.

மைசூரில் மில்லிலும் ரயில்வே பட்டறையிலும் வேலை செய்யும் தமிழ்க் குடும்பங்களுக்காக நடந்த வாரப் பத்திரிகை எங்களுடையது. சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. கொரியாவில் சண்டை நடந்துகொண்டிருந்தது. நான் பி.ஏ. முடித்திருந்தேன், ஆனால் ஆட்களோடு பேச எனக்கு வராது. புரூஃபில் சந்தேகம் வந்தால் வாயைத் திறக்காமல் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு ஆசிரியர் மேஜையில் வைத்துவிடுவேன். அவர் திருத்துவார், இல்லாவிட்டால் முணுமுணுப்பார். இருவருக்கும் அது சௌகரியமாக இருந்தது.

ஒரே நாய்

படம் போட வேண்டுமானால் அதற்கு உலோகத்தில் பிளாக் செய்ய வேண்டும். எங்களுக்கு அந்த வசதி கிடையாது. ஆனால் வெளிநாட்டுத் தூதரகங்கள் தமிழில் கட்டுரையும், கூடவே பிளாக்கும் இலவசமாகவே அனுப்பும். ஒரு நாட்டிலிருந்து வருவது பழுப்பு உறை. அதன் எதிரி நாட்டிலிருந்து வருவது வெள்ளை உறை. எங்கள் ஆசிரியர் நடுநிலைமையானவர். பக்கத்தில் எவ்வளவு இடம் காலியாக இருக்கிறது என்று பார்த்து, அதற்குப் பொருந்துகிற நாட்டைப் போடுவார்.

வருகிற பிளாக்குக்கெல்லாம் மை தடவி ஒரு நோட்டில் ஒற்றி, அடியில் அவர்கள் அனுப்பிய விளக்கத்தை ஒட்டி வைப்பது என் வழக்கம். யாரும் செய்யச் சொல்லவில்லை. பார்க்கப் பிடித்திருந்தது, அவ்வளவுதான். ஒரு நாள் வெள்ளை உறையில் எரிந்துபோன ஒரு தெருவின் படம் வந்தது. தெரு நடுவில் ஒரு காது மடிந்த நாய். எங்கேயோ பார்த்த நாயாக இருக்கிறதே என்று நோட்டைப் புரட்டினேன். இரண்டு மாதத்துக்கு முன் பழுப்பு உறையில் வந்த அதே தெரு, அதே நாய். அப்போது அந்தத் தெருவை எரித்தது வெள்ளை உறைக்காரர்களின் விமானம். இப்போது எரித்தது பழுப்பு உறைக்காரர்களின் டாங்கி. எழுத்துக் கோக்கும் சவரியிடம் இரண்டு பக்கத்தையும் காட்டினேன். கையிலிருந்த எழுத்தைப் பெட்டியில் போட்டுவிட்டு நிதானமாகப் பார்த்தார்.

"நாய் மட்டும் கட்சி மாறல, பி.ஏ.ம்மா. நின்ன எடத்துலயேதான் நிக்குது."

சுத்தமான புரூஃப்

இனி வருவது நான் செய்த தப்பு. ஒரு வாரம் கடைசி நேரத்தில் ஒரு விளம்பரம் வராமல் போய், மூன்றாம் பக்கத்தில் ஒரு சாண் இடம் காலியாக நின்றது. பழுப்பு உறையில் சரியாக அந்த அளவுக்கு ஒரு கட்டுரை இருந்தது. ஏழைக் குழந்தைகளுக்கு என்று கப்பலில் வரும் பால் பவுடர் அந்நியத் தலையீட்டின் முதல் அடி என்றது அது. பால் கொடுக்கும் இடங்களில் பிள்ளைகளை எடை பார்த்து எழுதும் நோட்டு அந்நிய ராணுவத்துக்குப் போகிறதாம். பாலைக் குடித்தால் எலும்பு இளகிவிடுமாம். மாதேஸ்வரன் மலை அடிவாரத்தில் ஒரு கிராமத்தில் பாதிக்கப்பட்டவர்கள் என்று ஒரு படமும் இருந்தது. ஆறு கட்டில்கள், கண்மூடிக் கிடக்கும் ஆறு பிள்ளைகள்.

'ராணுவம்' என்ற வார்த்தைக்கு எதிரே கேள்விக்குறி போட்டேன். நிமிர்ந்து பார்த்தால் ஆசிரியர் கையில் கடிகாரத்தோடு என் முதுகுக்குப் பின்னால் நிற்கிறார். மெஷின் காத்திருந்தது. "என்னம்மா சந்தேகம்?" என்றார். அவர் முகத்துக்கு நேரே பதில் சொல்ல வேண்டுமே என்ற பயத்தில் ரப்பரை எடுத்து அதை அழித்தேன். 'நஞ்ச்சு' என்று இருந்ததை 'நஞ்சு' என்று திருத்திக் கொடுத்தேன். அவர் பார்த்துவிட்டு மனம் குளிர்ந்து சொன்னது:

"இவ்வளவு சுத்தமான புரூஃப் இந்த வருஷத்துலயே பார்க்கலைம்மா."

டிரங்குப் பெட்டி

மில் குடியிருப்பில் தினமும் காலையில் நர்ஸ் ஸ்டெல்லா பால் பவுடரைக் கரைத்துக் காய்ச்சிப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார். பவுடர் வெள்ளை உறைக்காரர்களின் நாட்டிலிருந்து வந்தது. அது பொய்யில்லை, டப்பாவிலேயே கொடி போட்டிருக்கும். பத்திரிகை வந்த மூன்றாம் நாள் அவர் எங்கள் ஆபீசுக்கு வந்தார். அறுபது பிள்ளைகள் வந்த இடத்தில் நாலு பேர் வருகிறார்கள், மாதக் கடைசிக்குள் திரும்பி வராவிட்டால் பால் மையத்தை மூடி டப்பாக்களை வேறு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள், பாதிப் பிள்ளைகளுக்குக் காலையில் அது ஒன்றுதான் ஆகாரம் என்றார். குரல் உயரவே இல்லை. ஆசிரியர், "அவங்க அனுப்பினதைத்தானே போட்டோம்" என்றார். உள்ளிருந்து சவரி, "என் பொண்ணையும் என் சம்சாரம் அனுப்பறதில்லீங்க. பக்கத்து வீட்டுக்காரர் படிச்சுக் காட்டினாராம். கோத்ததே நான்தான்னு எப்படிச் சொல்றது?" என்றார்.

யார் இதைப் படித்துப் பார்த்து அனுப்பினது என்று நர்ஸ் கேட்டார். ஆசிரியர் கை என் பக்கம் நீண்டது. எழுத்துப் பெட்டிகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த என்னை நர்ஸ் திட்டியிருந்தால் தேவலை.

"எடை எழுதுற நோட்டு என் டிரங்குப் பெட்டியிலதான் இருக்கு. எந்த ராணுவம் வேணும்னாலும் வந்து பார்க்கட்டும். மொதல்ல நீ வந்து பாரும்மா."

கொள்ளேகாலத்துக் கார்டு

போய்ப் பார்த்தேன். நோட்டில் பிள்ளைகளின் பெயரும் பவுண்டு கணக்கும் தவிர, ஓரத்தில் 'காது வலி', 'மொட்டை அடித்திருக்கிறது, எடை குறைவாகத் தெரியும்' என்று எழுதியிருந்தது. அதைக் கொண்டு எந்த ராணுவம் என்ன செய்யும் என்று வழியெல்லாம் யோசித்தேன்.

அடுத்தது மலை அடிவாரத்துக் கிராமம். கொள்ளேகாலம் பஸ் ஸ்டாண்டில் மலைக்குப் போகிறவர்களுக்கு எங்கள் பத்திரிகையை விற்கும் ஏஜெண்டு ஒருவர் இருந்தார். அவருக்கு எழுதினேன். எழுதுவதற்கு எனக்குக் கூச்சமில்லை. நாலு நாளில் கார்டு வந்தது. மலைக்குப் போகிற இரண்டு பஸ்காரர்களிடமும், சந்தைக்கு வந்த அந்தப் பக்கத்து ஆட்களிடமும் விசாரித்திருந்தார். முடிவில் இப்படி எழுதியிருந்தார்:

"இந்தப் பக்கம் பால் பவுடரே வந்ததில்லைங்க அம்மிணி. வந்தா எனக்கும் ஒரு டப்பா சொல்லி வையுங்க."

மத்தியானத் தூக்கம்

அந்தப் படம் மட்டும் என்னை விடவில்லை. ஐந்தாவது கட்டிலில் ஒரு பாதம் போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சுவரில் ஒரு கடிகாரம், மணி இரண்டே கால். என் நோட்டை முதலிலிருந்து புரட்டினேன். ஒன்பதாம் பக்கத்தில் அதே பாதம், அதே இரண்டே கால். அடியில் ஒட்டியிருந்த விளக்கம்: 'எங்கள் நாட்டுத் தொழிலாளர்களின் குழந்தைகள், காப்பகத்தில் மத்தியானத் தூக்கம்.' அதுவும் பழுப்பு உறையில் வந்ததுதான். தங்கள் ஊர்ப் பிள்ளைகள் நிம்மதியாகத் தூங்குகிற படத்தையே எடுத்து எங்கள் ஊரில் நோயாளிகளாக்கியிருந்தார்கள்.

அந்த வாரம் பழுப்பு உறைத் தூதரகத்தின் பிரதிநிதி சென்னையிலிருந்து காலண்டர்களோடு வந்தார். தமிழர், நல்ல மனிதராகவே தெரிந்தார். ஆசிரியர் காபி வரவழைத்தார். நான் நோட்டைக் கொண்டுபோய் அவர் முன்னால் விரித்து வைத்து, "இது எந்த ஊர் சார்?" என்று கேட்டேன். அவர் காபி ஆறுகிறவரை பார்த்தார்.

"பிள்ளைங்க எந்த ஊர்ல தூங்கினாலும் ஒரே மாதிரிதானேம்மா தூங்கும்? பழைய பேப்பரையெல்லாம் ஏன் சேர்த்து வைக்கிறீங்க?"

குழாயடியில்

ஆசிரியர் இரண்டு நாள் யோசித்தார். பிறகு இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கொள்ளேகாலத்துக் கார்டையும் சேர்த்து, 'நாங்கள் ஏமாந்தோம்' என்று முதல் பக்கத்திலேயே போட்டார். ஒரு பிள்ளையும் திரும்பி வரவில்லை. பயமுறுத்துகிற செய்தியைச் சத்தமாகப் படித்துக் காட்டிய பக்கத்து வீட்டுக்காரருக்கு இதைப் படித்துக் காட்ட நேரமில்லை. மாதம் முடிய ஆறு நாள் இருந்தது. "நீயே வந்து காட்டு" என்றார் நர்ஸ்.

மில் குடியிருப்பின் குழாயடியில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் குடத்தோடு நின்றிருந்தார்கள். நோட்டை விரித்து ஒரு படத்தில் அந்தப் பாதத்தைத் தொட்டேன். பக்கத்தைத் திருப்பி இன்னொரு படத்தில் தொட்டேன். கடிகாரத்தைத் தொட்டேன். நோட்டு ஈரக் கைகளில் மாறி மாறிப் போயிற்று. சவரியின் மனைவி லூர்து அதை வெகுநேரம் வைத்திருந்தாள். "அப்ப இந்தப் பிள்ளைங்களுக்கு ஒண்ணுமில்லையா?" என்றாள். "தூங்குது" என்றேன். அன்று நான் பேசியது அது ஒன்றுதான். அவள் நோட்டைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"தூங்குற பிள்ளையக் காட்டி இப்படி எழுதினவன் வீட்டுல ஒரு நாளும் தொட்டில் கட்டலியா?"

வெள்ளை உறை

மறுநாள் காலை லூர்து தன் பெண்ணை இடுப்பில் வைத்துக்கொண்டு முதலாவதாக வந்து நின்றாளாம். மாதக் கடைசியில் வரிசையில் நாற்பத்தெட்டுப் பிள்ளைகள். மீதிப் பேர் வரவே இல்லை. ஆனால் டப்பாக்கள் ஊரை விட்டுப் போகவில்லை.

அடுத்த வாரம் கனமான வெள்ளை உறை ஒன்று வந்தது. உண்மையை நிலைநாட்டியதற்காகப் பாராட்டுக் கடிதம், மைசூர் தாய்மார்கள் தங்கள் நாட்டின் நட்பைத் தழுவிக்கொண்டதாக ஒரு கட்டுரை, கூடவே ஒரு பிளாக்: 'மைசூர் மையத்தில் மகிழ்ச்சியோடு பால் அருந்தும் குழந்தைகள்.' மூன்றாம் பக்கத்தில் இடமும் இருந்தது. ஆசிரியர் முகம் மலர்ந்தது. நான் மை தடவி ஒற்றிப் பார்த்தேன். எல்லாப் பிள்ளைகள் கையிலும் உயரமான கண்ணாடி டம்ளர். நர்ஸ் ஸ்டெல்லாவிடம் இருப்பதெல்லாம் நசுங்கின அலுமினிய டம்ளர். ஈரம் காயாத தாளை அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"பால் நெசம், என் பிள்ளைங்க குடிச்சது நெசம். இதுங்க யாரு பெத்த பிள்ளைங்களோ தெரியலையே."

அந்தக் கட்டுரையின் ஓரத்தில் தொடங்கி, அன்று முதல் நான் கேள்விக்குறியைப் பேனாவால்தான் போடுகிறேன். ரப்பர் சவரியின் பெண்ணுக்கு விளையாடப் போய்விட்டது.