பெரியநாயகி கட்டிய பிராது

எங்கள் கம்பெனியில் பெரியநாயகியிடம் யாரும் வாய் கொடுக்க மாட்டார்கள். மேஸ்திரியே கொஞ்சம் தள்ளி நின்றுதான் பேசுவார். விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் அவளுக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை. களிமண்ணைக் கரைத்த களிக்குழம்பை அச்சில் ஊற்றுவது அவள் வேலை. அச்சிலிருந்து வரும் கோப்பையைச் சீவித் துடைப்பது என் வேலை. அவள் புருஷன் போய்ச் சேர்ந்தபோது மகள் வேல்விழிக்குப் பால்பல்கூட விழவில்லை. சொந்தக்காரர்கள் வரிசையாக வந்து, "பொண்ண எங்ககிட்ட வுட்டுடு, நீ எங்க வளக்கப் போற?" என்றார்கள். "வந்த வழி தெரியும் இல்ல?" என்று கேட்டு அனுப்பிவைத்தாள்.

அந்த வேல்விழிதான் இப்போது ஜெர்மனியில் மேல்படிப்புப் படிக்கிறாள். அதுவும் பீங்கானைப் பற்றியே. "கோப்பை ஊத்தக் கத்துக்க ஜெர்மனிக்கா போவணும்?" என்று வேல்விழியின் பெண்ணாடத்துப் பெரியப்பா நக்கலடித்தார். "ஒங்களுக்கு டீ குடுத்தா கோப்பைய ஒடைச்சிடுறீங்களே, ஒடையாத கோப்பை செய்யத்தான் போயிருக்கா" என்றாள் பெரியநாயகி. மனிதர் அதோடு அடங்கினார்.

விசா முடியும் சமயத்தில்தான் வினை வந்தது. புதுப்பிக்கப் போன இடத்தில் வேல்விழியிடம், செலவைப் பார்த்துக்கொள்ளும் தாயாரின் தொழிலுக்கு இந்த வருடச் சான்று கேட்டிருக்கிறார்கள். பழைய விண்ணப்பத்தை அப்போதுதான் அவள் நிதானமாகப் படித்திருக்கிறாள். மத்தியானச் சோற்று வேளையில் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டாள். நாங்கள் எல்லாரும் சுற்றி உட்கார்ந்திருந்தோம்.

"ம்மா, ஒன்ன மொதலாளின்னு எழுதியிருக்காங்கம்மா."

"எந்தக் கம்பெனிக்குடி?"

"நீ வேலை செய்யிற கம்பெனிக்கேதான்."

நாங்கள் கொல்லென்று சிரித்துவிட்டோம். பெரியநாயகி சிரிக்கவில்லை.

எழுதியது பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் விசா எடுத்துக் கொடுக்கும் ஏஜெண்டு தங்கதுரை. கட்டுக் கட்டாகத் தாள்களை நீட்டி, அவசரத்தில் பெண்ணிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறான். கேட்டதற்கு அவன் கொஞ்சமும் அசரவில்லை. "கூலின்னு போட்டா எவங்க்கா விசா குடுப்பான்? எல்லாருக்கும் இப்படித்தான் போடுறேன். மொதலாளி நாற்காலியில ஒக்காந்து ஒரு போட்டோ, கம்பெனி தாள்ல ஒரு சான்று. முடிஞ்சிது வேலை."

எங்கள் நிஜ முதலாளி தேவநாதனும் ஒத்துக்கொண்டார். "நம்ம வூட்டுப் பொண்ணு மாதிரி அது. ஒரு போட்டோதானே, வந்து ஒக்காரு நாயகி" என்றார். இதை ஒரு பொய் என்றே எங்களில் யாரும் நினைக்கவில்லை. பெண் பார்க்க வரும் நாளில் பக்கத்து வீட்டுச் சங்கிலியை இரவல் வாங்கிப் போடுவதில்லையா, அப்படித்தான் நினைத்தோம். நானே என் பட்டுப்புடவையை எடுத்துக் கொடுத்தேன்.

உட்கார்ந்தாள். தங்கதுரை போனைத் தூக்கிப் பிடித்தான். "சிரிங்கக்கா... அந்தக் கைய மட்டும் மேசைக்குக் கீழ வச்சிக்கிங்க. நகத்துல களி தெரியுது."

அவ்வளவுதான். எழுந்துவிட்டாள்.

"என்னாடா சொன்ன? இந்தக் கைதாண்டா எம் பொண்ண அங்க அனுப்புச்சி. இத எதுக்கு நான் ஒளிக்கணும்?"

புடவையோடு விறுவிறுவென்று மேசைக்குப் போய், களியை அள்ளி அச்சில் ஊற்றினாள். "இப்ப எடு!" தேவநாதன்தான் சிரித்துக்கொண்டே தன் போனில் எடுத்தார். முந்தானையெல்லாம் களி. எனக்கு வயிறு எரிந்தது.

வேல்விழி போனில் அழுதாள். "பொய் சொல்லிட்டேன்னு விசாவ ரத்து பண்ணிட்டா படிப்பே போயிடும்மா!"

"போனா கெளம்பி வா. இங்க மேசை காலியாத்தான் கெடக்குது. ஆனா எவளோ ஒரு மொதலாளியம்மாவுக்கு மவளா இருந்து நீ படிக்க வாணாம்."

"பைத்தியமாடி ஒனக்கு? புள்ள பொழப்பக் கெடுக்கறியே!" என்று நான் கத்தினேன். அவள் காதில் வாங்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய், தங்கதுரை மேல் பிராது கட்டிவிட்டு வந்தாள். எங்கள் பக்கத்தில் அநியாயம் நடந்தால் அதைத் தாளில் எழுதிச் சாமி முன் வைத்து, முனியப்பர் சன்னதியில் கட்டிவிட்டு வருவோம். அநியாயம் செய்தவனைச் சாமி சும்மா விடாது என்பது நம்பிக்கை. தீர்ந்ததும் மறக்காமல் போய் வாபஸ் வாங்க வேண்டும்.

மகளும் தாய்க்குத் தப்பிப் பிறந்தவள் அல்ல. அழுது முடித்ததும் அந்தப் போட்டோ, தேவநாதன் எழுதிக் கொடுத்த வேலைச் சான்று, கல்லூரி ஆய்வகத்தில் தான் வாங்கும் சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் விசா அலுவலகத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறாள். முன்பு ஏன் வேறு மாதிரி எழுதினாய் என்று அதிகாரி கேட்டாராம். "படிக்காமல் கையெழுத்துப் போட்டது என் தப்பு. எங்கள் ஊரில் கூலி வேலை என்று எழுதப் பயப்படுகிறார்கள். நான் பயப்படவில்லை. இதுதான் என் அம்மா" என்றாளாம். வாரக்கணக்கில் காக்கவைத்தார்கள். அத்தனை நாளும் பெரியநாயகி சரியாகச் சாப்பிடவில்லை. கடைசியில், வேல்விழியின் சொந்தச் சம்பளமே போதும் என்று நீட்டித்துக் கொடுத்துவிட்டார்கள். நான் ஓவென்று அழுதேன்.

மறுநாளே தங்கதுரை கம்பெனிக்கு ஓடிவந்தான். "அதான் விசா வந்துடுச்சேக்கா, பிராத வாபஸ் வாங்குங்க. என் பொஞ்சாதி பயந்துபோயி சோறே துன்ன மாட்டேங்குறா."

"விசாவுக்கா நான் பிராது கட்டுனேன்? நான் யாரு, சொல்லு."

"பெரியநாயகி அக்கா."

"என்னா வேலை?"

"கம்பெனியில..." என்று முணுமுணுத்தான். "சத்தமா!" என்றாள். பட்டறையே வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தது.

"களி ஊத்துற வேலை!"

"அடுத்து வர்ற பொண்ணோட அம்மாவுக்கும் உள்ளத உள்ளபடி எழுதிக் கொண்டாந்து காட்டு. அதுவரைக்கும் பிராது அங்கயே கெடக்கட்டும்."

ஒரு மாதம் கழித்து வந்தான். பெண்ணாடத்துப் பெண் ஒருத்தியின் விண்ணப்பத்தை நீட்டினான். இவள் கையில் வாங்கவில்லை. படிக்கச் சொன்னாள்.

"தாயார் தொழில், கரும்பு வெட்டும் கூலி" என்று எல்லாருக்கும் கேட்கும்படி படித்தான்.

"சரி, நாளைக்கு வாபஸ் வாங்குறேன்" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "வளரு, அந்தக் களி பட்ட பட்டுப்பொடவைய எடுத்துக்கிட்டு வாடி. அதக் கட்டிக்கிட்டுத்தான் கோயிலுக்குப் போவணும்."