எட்டாவது சிறுத்தை

பணிப்பதிவேடு அவரை இப்படி அறிமுகம் செய்கிறது: "களப்பணியாளர். கடும் மலையேற்றத்துக்குத் தகுதி பெற்றவர். வனவிலங்குகளை நேரில் கண்டறிவதில் தேர்ந்தவர்." முதல் மாடியிலுள்ள அலுவலகத்துக்கு ஏறவே இந்தக் களப்பணியாளர் இரண்டு கையாலும் கைப்பிடியைப் பற்றிக்கொள்வார். பத்தொன்பது வருஷத்தில் ஒரு பனிச்சிறுத்தையைக்கூட நேரில் பார்த்ததில்லை.

மலையில் பொருத்திய கேமராக்களின் படங்களில் உடம்புப் புள்ளிகளை ஒப்பிட்டு, எது எந்தச் சிறுத்தை என்று சொல்வதே அவர் வேலை. அலுவலகத்தில் 'புள்ளியம்மா'. "மலையில இருக்கறதையெல்லாம் அடையாளம் சொல்றே, என் சாக்ஸுக்கு ஜோடி மட்டும் கிடைக்கல" என்பது கணவரின் நிரந்தரப் புகார்.

அந்த வாரம் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. அந்த மலைக் கணவாயை வெட்டிச் சாலை போட அரசு திட்டமிட்டிருந்தது. குறைந்தது எட்டுச் சிறுத்தைகள் அங்கே இருந்தால் போடக்கூடாது என்பது விதி. எட்டு என்று அறிக்கையும் தயார். அப்போதுதான் கடைசிக் கேமராவின் படங்கள் வந்தன. ஒரு சிறுத்தை பாறையோரம் போகிறது. அடுத்த படத்தில் பாதி திரும்புகிறது. மூன்றாவதில் வந்த வழியே வருகிறது. போகும்போது தெரிந்த இடது விலாவுக்கு அவர் தந்திருந்த எண் மூன்று. வரும்போது தெரிந்த வலது விலாவுக்கு எட்டு. ஒரே உடம்புக்கு இரண்டு எண். இத்தனை நாளும் இரண்டு பக்கமும் சேர்ந்தாற்போல் படத்தில் சிக்கவேயில்லை.

முள்மேல் உட்கார்ந்தவர்போல எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். தாகமில்லாமலே தண்ணீர் குடித்தார். வீட்டில் குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போட்டார். கணவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டது இன்னும் கலவரப்படுத்தியது.

மறுநாள் அதிகாரியிடம் படங்களைக் காட்டினார். கணவாயைக் காப்பாற்ற ஆறு வருஷமாக அலைந்த மனிதர். வெகுநேரம் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"நீங்க சொல்லலேன்னா யாருக்கும்மா தெரியும்? சிறுத்தையா வந்து சாட்சி சொல்லப்போகுது?"

"ஒண்ணு பொய்னு தெரிஞ்சா மிச்ச ஏழையும் நம்ப மாட்டாங்க, சார்."

"அவங்க நம்பறதுக்குள்ள ரோடே வந்துடும்."

அதிகாரி சொல்வதும் உண்மை என்பதுதான் தொல்லை. மூன்று நாள் புள்ளியம்மா பழைய படங்களையெல்லாம் புரட்டி, வேறொரு எட்டாவதைத் தேடினார். கிடைக்கவில்லை.

நான்காம் நாள் அறிக்கையில் எட்டாம் எண்ணை அடித்து நீக்கினார். பிழை தன்னுடையது என்று எழுதினார். மொத்தம் ஏழு என்று கையெழுத்திட்டு அனுப்பினார்.